ஒரு பாங்கின் நேரம் பொறுத்திருப்போம்



ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், குழித்துறைக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவமனையின் பேறுகால அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் மகளுக்கு அது தலைப்பேறு. மஃரிபுக்கு இன்னும் கால் மணி நேரமே இருந்தது. உள்ளேயிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டதும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றேன். அடுத்த கணமே கதவைத் தட்டினேன். பாங்கு சொல்ல வேண்டும், பிள்ளையை விரைவாகக் கொண்டுவாருங்கள் என்று செவிலியரிடம் இரண்டு முறை சொன்னேன். என் பின்னால் சம்பந்தி வீட்டாரும் என் மனைவியும் அதையே சொன்னார்கள். அதிக நேரம் ஆகவில்லை. துடைத்துத் துணியில் சுற்றிய பிள்ளை என் கைக்கு வந்துவிட்டாள். அன்று அந்த வேகத்தைக் கண்டு மனம் நிறைந்தது.

ஒன்பது மாதம் கழித்து, அந்தப் பிள்ளையின் உள்ளங்கை வெளுத்திருப்பதை முதலில் கவனித்தவள் என் மனைவி. பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. அந்த வயதில் 11 இருக்க வேண்டும் என்றார் குழந்தை மருத்துவர். தாய்க்குக் கர்ப்பகாலத்தில் இரத்தசோகை இருந்ததா, ஆறு மாதத்திற்குப் பிறகு என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். பின்னர், பிறந்தவுடன் தொப்புள்கொடியை எப்போது வெட்டினார்கள் என்று கேட்டார். எங்கள் யாருக்கும் விடை தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது.

பேத்தியின் இரத்தசோகைக்குத் தொப்புள்கொடிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் காரணங்கள் பல. என் மகளுக்கே கர்ப்பத்தில் இரத்தம் குறைவாக இருந்தது. ஆயினும் அந்த அறைக்குள் நடந்த அவசரத்தில், கதவைத் தட்டிய என் கைக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அதன் பிறகு படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று கருதுகிறேன்.

அது யாருடைய இரத்தம்?

தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் இருப்பது தாயின் இரத்தம் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் நஞ்சுக்கொடியில் ஒன்றையொன்று நெருங்கி ஓடுகின்றன. இடையே ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அத்திரையின் வழியே உயிர்வளியும் ஊட்டமும் சேய்க்குச் செல்கின்றன; கழிவு தாயிடம் வருகிறது. கொடிக்குள் ஓடுவது குழந்தையின் சொந்த இரத்தமே. குழந்தையின் இதயம் அதனை நஞ்சுக்கொடிக்கு அனுப்புகிறது. அது அங்கிருந்து மீண்டும் குழந்தையிடம் வந்து சேர்கிறது. கருவறையில் நுரையீரலின் வேலையை நஞ்சுக்கொடி செய்வதால், எந்த நேரத்திலும் அந்த இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தையின் உடலுக்கு வெளியே, நஞ்சுக்கொடியில் இருக்கிறது.

குழந்தை வெளியே வந்து முதல் மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிகிறது. விரிந்த நுரையீரலுக்குப் புதிதாக நிறைய இரத்தம் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் கருப்பை சுருங்கி, நஞ்சுக்கொடியில் மீதமிருக்கும் இரத்தத்தைக் கொடி வழியே குழந்தையிடம் தள்ளுகிறது. கொடியைத் தொட்டுப் பார்த்தால் நாடி துடிப்பது தெரியும். நிறைமாதக் குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்தில் சுமார் 80 மில்லி லிட்டரும், மூன்று நிமிடத்திற்குள் சுமார் 100 மில்லி லிட்டரும் இவ்வாறு வந்து சேர்கின்றன. பிறகு துடிப்பு அடங்குகிறது. கொடி வெளுத்துத் துவள்கிறது. வேலை முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

80 மில்லி என்பது நமக்கு அரைக் குவளைத் தேநீர். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் மொத்தமே கால் லிட்டர் அளவுதான். வளர்ந்த ஒருவருக்கு இதே விகிதத்தில் கணக்கிட்டால் ஒரு லிட்டருக்கும் அதிகமாகிவிடும். நாம் இரத்ததானம் செய்யும்போதுகூட 350 மில்லிதான் எடுக்கிறார்கள்.

குழந்தை வெளிவந்த பத்து விநாடிக்குள் கவ்வி போட்டுக் கொடியை வெட்டிவிட்டால், அந்த இரத்தம் நஞ்சுக்கொடியோடு சேர்ந்து வாளிக்குப் போகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே மடையை அடைப்பதைப் போன்றது அது. பயிர் உடனே வாடாது. கோடை வந்தபின்தான் குறை தெரியும்.

குறை எப்போது தெரிகிறது?

இரத்தத்தோடு இரும்புச்சத்தும் வருகிறது என்பதே இங்கு முதன்மையான செய்தி. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் ஏறத்தாழ 3.4 மில்லி கிராம் இரும்பு உண்டு. புதிதாய்ப் பிறந்த குழந்தையின் இரத்தம் அடர்த்தியானது. 80 மில்லியில் 12 கிராமுக்கு மேல் ஹீமோகுளோபின் இருக்கும். அப்படியானால் நாற்பது மில்லி கிராமுக்கும் அதிகமான இரும்பு. முதல் ஆண்டின் பிற்பாதியில் குழந்தையின் உடல் நாளொன்றுக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டிய இரும்பு ஒரு மில்லி கிராமுக்கும் குறைவு. ஆக, அந்த மூன்று நிமிடத்தில் வந்து சேர்வது ஏறத்தாழ இரண்டு மாதத் தேவைக்கான சேமிப்பு.

தாய்ப்பாலைவிடச் சிறந்த உணவு குழந்தைக்கு இல்லை. ஆனால் அதில் இரும்பு மிகக் குறைவாகவே உண்டு. பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பைக் கொண்டு ஆறு மாதம் வரை குழந்தை சமாளிக்கும் வகையில் அதன் உடல் படைக்கப்பட்டிருக்கிறது. சேமிப்பு குறைவாயின் அது முன்னதாகவே தீர்ந்துவிடும். பிறந்த அன்று குழந்தை சிவந்து கொழுகொழுவென்றுதான் இருக்கும். குறை ஆறாம், எட்டாம் மாதத்தில் வெளிப்படும். அதற்குள் பேறுகால அறையை எல்லோரும் மறந்திருப்போம். மூளை வேகமாக வளரும் அந்த மாதங்களில் இரும்புச்சத்து குறைந்தால், பின்னர் மருந்து கொடுத்து இரத்தத்தைச் சரிசெய்தாலும் வளர்ச்சியில் ஏற்பட்ட பின்னடைவு முழுவதும் நீங்குமா என்பது ஐயமே என்று குழந்தை மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள்.

இவை ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. ஸ்வீடன் நாட்டில் 400 நிறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து விநாடிக்குள் கவ்வி போட்டார்கள். மற்றதற்கு மூன்று நிமிடம் பொறுத்தார்கள். நான்காம் மாதத்தில் இரும்புச்சத்துக் குறைபாடு முதற்பிரிவில் 5.7 விழுக்காடாகவும், பொறுத்திருந்த பிரிவில் 0.6 விழுக்காடாகவும் இருந்தது. அக்குழந்தைகளை நான்கு வயதில் மீண்டும் பார்த்தபோது, விரல்களின் நுண்ணிய செயற்பாட்டில் பொறுத்திருந்த பிரிவினர் சற்று மேலாக இருந்தார்கள். குறிப்பாக ஆண்பிள்ளைகளிடம் இது தெரிந்தது.

ஸ்வீடன் செல்வந்த நாடு. நமக்கு நெருக்கமான சூழல் நேபாளத்தினுடையது. காத்மாண்டுவில் 540 குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளியானது. ஒரு நிமிடத்திற்குள் வெட்டிய குழந்தைகளில் 82 விழுக்காட்டினருக்கு எட்டாம் மாதத்தில் இரத்தசோகை இருந்தது. மூன்று நிமிடம் பொறுத்தவர்களில் அது 73 விழுக்காடு. இரண்டுமே பெரிய எண்கள்தான். இதனால் நாம் அறிவது இரண்டு: பொறுத்திருப்பது மட்டும் இரத்தசோகையை ஒழித்துவிடாது, ஆனால் காசு செலவில்லாமல் நூற்றில் ஒன்பது குழந்தைகளை அதிலிருந்து காக்கிறது.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கோ இதன் நன்மை இன்னும் பெரிது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வெட்டாமல் பொறுத்த குறைமாதக் குழந்தைகளிடையே இறப்பே குறைந்திருந்தது.

விதி இருக்கிறது, வழக்கம்?

உலக சுகாதார நிறுவனம், ஒரு நிமிடத்திற்கு முன் கொடியை வெட்ட வேண்டாம், ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை பொறுக்கவும் என்று பல ஆண்டுகளாகக் கூறிவருகிறது. நம் நடுவண் அரசு 2018ஆம் ஆண்டு தொடங்கிய இரத்தசோகையில்லா இந்தியா திட்டத்தில், எல்லா மருத்துவமனைகளிலும் குறைந்தது மூன்று நிமிடம், அல்லது கொடியின் துடிப்பு அடங்கும்வரை பொறுக்க வேண்டும் என்பதும் ஒன்று. இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை பற்றியெல்லாம் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதே திட்டத்தின் இந்தப் பகுதி நம் வீடுகளை எட்டவில்லை.

எட்டாதிருக்க நியாயமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் குமரி மாவட்டத்துக்கு. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலான பேறுகள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பு, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகவும் சொல்கிறது. முந்தைய கணக்கெடுப்பில் அது 51 விழுக்காட்டைத் தொடவில்லை. கர்ப்பிணிகளில் 48 விழுக்காட்டினர் இரத்தசோகையுடையவர்கள். மருத்துவமனைக்கு எல்லோரும் போகிறோம். பிள்ளைகளின் இரத்தம் மட்டும் வெளுத்துக்கொண்டே வருகிறது.

பல மருத்துவர்கள் இன்று பொறுத்தே வெட்டுகிறார்கள். பொறுக்காத இடங்களில் அதற்குக் காரணம் கெட்ட எண்ணமன்று. பேற்றுக்குப்பின் தாய்க்கு இரத்தப்போக்கு ஏற்படாதிருக்க, உடனே ஊசி போட்டு, உடனே கொடியை வெட்டி, நஞ்சுக்கொடியை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடம் சொல்லப்பட்டது. அதில் ஊசியே தாயைக் காக்கிறது, உடனே வெட்டுவதால் தாய்க்குத் தனிப்பயன் ஏதுமில்லை என்று பின்னர் தெளிவாயிற்று. ஆனால் கை பழகிய பழக்கம் எளிதில் மாறாது. அடுத்த பேற்றுக்கு ஒருத்தி காத்திருக்கிறாள், செவிலியர் குறைவு, வாசலில் உறவினர் கூட்டம் கதவைத் தட்டுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நான் நின்றேன்.

அக்காலத்து மருத்துவச்சிகள் பலர் நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கொடியை அறுத்தார்கள் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனால் பழங்காலம் பொற்காலம் என்று வாதிட மாட்டேன். சுத்தமில்லாத கத்தியாலும் இரத்தப்போக்காலும் மாண்ட தாய்மாரும் சேய்களும் எத்தனையோ பேர். மருத்துவமனையை விட்டு வீட்டுப்பேற்றுக்குத் திரும்ப யாரேனும் இக்கட்டுரையைச் சான்றாகக் காட்டினால் அது பெரும் பிழை. மருத்துவமனையின் பாதுகாப்பும் வேண்டும். அங்கேயே அந்த மூன்று நிமிடமும் வேண்டும்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

நான் ஆலிம் அல்லன். மார்க்கச் சட்டம் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு சாமானிய முஸ்லிமாக எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தவறிருந்தால் அறிஞர்கள் திருத்தட்டும்.

பிறந்த குழந்தை குரல் எழுப்பிவிட்டால் அது வாரிசாகிறது என்பது நபிமொழியில் வந்த சட்டம் (அபூதாவூத்). ஒரு நாள் வயதுள்ள சிசுவுக்கும் சொத்தில் பங்கு உண்டு. அந்தப் பங்கை வாப்பாவோ பெரியவாப்பாவோ எடுத்துக்கொள்ள முடியாது. தன் உரிமையைக் கேட்கத் தெரியாதவரின் பொருளில் கைவைப்பதைத் திருக்குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை அந்நிஸா அத்தியாயத்தை ஓதியவர்கள் அறிவார்கள். ஒரு தென்னந்தோப்பில் பிள்ளைக்குரிய பங்குக்காக இத்தனை பேணுதல் காட்டுகிற நாம், அதன் உடலுக்கே உரிய இரத்தம் வாளிக்குப் போவதைப் பற்றிக் கேட்காமல் இருக்கலாமா? அந்த இரத்தம் அல்லாஹ் அக்குழந்தைக்கென்று படைத்துக் கொடுத்தது. அது அக்குழந்தையின் ஹக்கு. நம் கையில் அது அமானிதம்.

இன்னொன்று, அவசரம். மனிதன் அவசரக்காரனாகவே இருக்கிறான் என்று இறைமறை நம்மைப் பற்றி அடையாளம் சொல்கிறது (17:11). அப்துல் கைஸ் குலத்துத் தூதுக்குழுவின் தலைவரிடம் அல்லாஹ் விரும்பும் இரண்டு பண்புகள் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். ஒன்று சகிப்பு, மற்றொன்று நிதானம் (முஸ்லிம்). மற்ற எல்லோரும் நபியவர்களைக் காண ஓடியபோது, அவர் ஒட்டகத்தைக் கட்டி, ஆடை மாற்றி, நிதானமாக வந்தார் என்று விளக்கவுரைகளில் வருகிறது. நல்ல செயலுக்காகச் செல்லும்போதும் நிதானம் விரும்பத்தக்கது என்பதே எனக்குக் கிடைத்த படிப்பினை.

இங்கே நம் பாங்கின் விஷயத்துக்கு வருகிறேன். ஃபாத்திமா (ரலி) அவர்கள் ஹஸன் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்தபோது, நபி (ஸல்) அவர்கள் குழந்தையின் காதில் பாங்கு சொன்னதாக அபூராஃபிஉ (ரலி) அவர்கள் வழியாக ஓர் அறிவிப்பு வந்துள்ளது (திர்மிதீ, அபூதாவூத்). அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நான் போகவில்லை. நம் குடும்பங்களில் வழிவழியாக நடந்துவரும் அழகிய வழக்கம் அது. ஆனால் அந்த அறிவிப்பில் இத்தனை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும் என்ற வரையறை எதுவும் இல்லை. பத்து நிமிடம் கழித்துச் சொன்னாலும், தாயின் மார்பில் பிள்ளை பால் குடித்த பிறகு சொன்னாலும் பாங்கு பாங்குதான். கொடியின் துடிப்போ ஐந்து நிமிடத்திற்குப் பிறகு திரும்ப வராது. காத்திருக்கக் கூடியது காத்திருக்கட்டும். காத்திருக்க இயலாதது முதலில் நடக்கட்டும்.

நம் பள்ளிவாசலில் நிதானமாக இழுத்துச் சொல்லப்படும் ஒரு பாங்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். உம்மும்மாவுக்கும் நினைவில் நிற்கும் அளவுகோல் இது: ஒரு பாங்கு முடியும்வரை கொடியை வெட்ட வேண்டாம்.

பேரீச்ச மரத்தில் மகரந்தம் சேர்ப்பது பற்றி நபி (ஸல்) அவர்கள், உலகத் தொழில் சார்ந்த அறிவை அதை அறிந்தவர்களிடமே விட்டதை ஸஹீஹ் முஸ்லிமில் வாசிக்கிறோம். மருத்துவ அறிவைத் தேடி வளர்த்த சமூகம் நம்முடையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா தம் மருத்துவப் பெருநூலில், பிறந்த குழந்தையின் கொடியை நான்கு விரற்கடை விட்டு வெட்ட வேண்டும் என்றும், சுத்தமான கம்பளி நூலால் கட்ட வேண்டும் என்றும் நுணுக்கமாக எழுதிவைத்தார். எத்தனை விரற்கடை என்று அவர் ஆராய்ந்தார். எத்தனை நிமிடம் என்று இன்றைய ஆய்வாளர்கள் அளந்தார்கள்.

எழும் ஐயங்கள்

தாய்க்கு இரத்தப்போக்கு அதிகமாகாதா? ஏறத்தாழ நாலாயிரம் பேறுகளைத் தொகுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பில், பொறுத்து வெட்டியதால் தாயின் இரத்தப்போக்கு கூடியதாகத் தெரியவில்லை. இரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசியைக் கொடியை வெட்டாமலேயே போடலாம்.

மஞ்சள்காமாலை வராதா? இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. அதே தொகுப்பில், நீலஒளியில் வைக்க வேண்டிய அளவு மஞ்சள் கண்ட குழந்தைகள் பொறுத்த பிரிவில் சற்று அதிகம். நூற்றுக்கு மூன்றுக்குள் இருந்தது நான்கைச் சற்றே தாண்டியது. ஆகவே முதல் வாரத்தில் குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றனவா என்று கவனிக்க வேண்டும். மஞ்சள் கண்டால் வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் இராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிகிச்சைக்கு எளிதாக வசப்படும் மஞ்சளுக்கு அஞ்சி, மாதக்கணக்கில் நீளும் சோகையை வரவழைப்பது அறிவுடைமையாகாது.

அத்தனை நேரம் குழந்தை குளிர்ந்துவிடாதா? துடைத்து, தாயின் வயிற்றின்மேல் தோலோடு தோல் படக் கிடத்தி, உலர்ந்த துணியால் மூடினால் போதும். முன்பு குழந்தையைத் தாழ்வாகப் பிடிக்க வேண்டும் என்று கருதினார்கள். அர்ஜென்டினாவில் நடந்து 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, தாயின் வயிற்றின்மேல் கிடத்தினாலும் அதே அளவு இரத்தம் வந்து சேர்கிறது என்று காட்டியது.

அறுவைப் பேறானால்? ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பேறுகள் அறுவையில்தான் நடந்தன. அங்கும் ஒரு நிமிடமேனும் பொறுக்க இயலும்; பல இடங்களில் பொறுக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டுவைப்பதுதான் வழி.

தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்துவைக்கச் சொல்கிறார்களே? பெருந்தொகை கட்டி, நாளை வரக்கூடிய நோய்க்காகக் குழந்தையின் கொடி இரத்தத்தை வங்கியில் வைக்கச் சொல்லும் விளம்பரங்கள் குமரி மாவட்டம் வரை வந்துவிட்டன. அதே குழந்தையின் எதிர்காலத் தேவைக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூறியிருக்கிறது. சேமிப்புப் பை நிறைய வேண்டுமானால் கொடியை முன்னதாக வெட்ட வேண்டியிருக்கும். இன்று பிள்ளையின் உடலுக்குள் போக வேண்டியதை எடுத்து, என்றோ வரலாம் என்ற ஒன்றுக்காகப் பணம் கொடுத்துப் பூட்டிவைப்பது நல்ல வியாபாரமாக எனக்குத் தோன்றவில்லை.

பொறுக்கக் கூடாத நேரங்கள்

இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். குழந்தை மூச்செடுக்காமல் துவண்டு பிறந்து, மருத்துவர் உடனே அதற்கு மூச்சு கொடுக்க வேண்டியிருந்தால். தாய்க்கு இரத்தம் பெருகினால். நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டிருந்தால். கொடி கிழிந்திருந்தால், அந்நேரத்தில் முடிவு மருத்துவருடையது. அவர் வெட்டினால் அதுவே சரி. கைப்பேசியில் படித்ததை வைத்துக்கொண்டு வாசலில் நின்று வாதாடுவது, கதவைத் தட்டுவதைவிடப் பெரிய கேடு. கொடியைப் பிழிந்து இரத்தத்தை உள்ளே தள்ளச் சொல்வதும் கூடாது. மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அதனால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து ஆய்வில் தெரியவந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனைக்குச் செல்லும்போதே மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள்: "தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால், கொடியை வெட்டுவதற்கு மூன்று நிமிடம் பொறுக்க முடியுமா?" அதனைக் கர்ப்பிணிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளவும் வேண்டுங்கள். குழித்துறை அரசு மருத்துவமனையானாலும், மார்த்தாண்டத்துத் தனியார் மருத்துவமனையானாலும், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியானாலும் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. வலி வந்தபிறகு கேட்பதைவிட அமைதியான நேரத்தில் கேட்பது மருத்துவருக்கும் எளிது.

கர்ப்பிணியின் இரத்தத்தைக் கவனியுங்கள். கொடி வழியே வருவது தாயிடம் இருந்ததிலிருந்து உருவானதே. இரும்புச்சத்து மாத்திரையைத் தின்றால் மலம் கறுக்கிறது, பிள்ளை கறுத்துவிடும் என்றெல்லாம் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பது இயல்பு, பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பில்லை. நம் ஊரில் மரச்சீனிக்கிழங்கும் மீனும் உண்டவுடன் கட்டன்சாயா குடிப்பது வழக்கம். சாயா உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாது. கர்ப்பிணியாவது உணவுக்கும் சாயாவுக்கும் இடையே ஒரு மணி நேரம் விடட்டும். ரமளானில் ஸஹர் முடித்ததும் சாயா குடிப்போருக்கும் இது பொருந்தும்.

ஆறு மாதம் முடிந்ததும் வெறும் ஏத்தங்காய் மாவுக் கஞ்சியோடு நிறுத்தாமல், முருங்கைக்கீரை, பயறு, மீன், முட்டை மஞ்சள்கரு, மசித்த ஈரல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். அரசு தரும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தைக் கிராம செவிலியர் சொன்ன அளவில் விடாமல் கொடுங்கள்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். நிக்காஹ் பதிவுக்கு வரும் மணமக்களிடம் நாம் கையெழுத்து வாங்குகிறோம். அப்போதே ஒரு சிறு தாளை அவர்கள் கையில் கொடுக்கலாம்: கர்ப்பத்தில் இரத்தப் பரிசோதனை, மாத்திரை, கொடிக்கு மூன்று நிமிடம், முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால். நான்கு வரி போதும். பெண்கள் மதரஸாக்களில் உஸ்தாதாக்கள் ஒருநாள் இதைப் பேசலாம். ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவில் பிள்ளைகளின் உரிமை பற்றிய பயானில் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

வாசலில் நிற்கும் என்போன்ற உப்பாக்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே: அழுகுரல் கேட்டதும் கதவைத் தட்டாதீர்கள். ஒதுங்கி நின்று, அந்தத் தாய்க்காகவும் பிள்ளைக்காகவும் துஆ செய்யுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு இரண்டாம் பேறு. எட்டாம் மாதத்திலேயே மருமகன் மருத்துவரிடம் கேட்டுவிட்டார். இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம் என்று அந்த அம்மையார் புன்னகையோடு சொன்னாராம். அன்று குரல் கேட்ட பிறகு பேரனை என் கையில் தர வெகுநேரமாயிற்று. தாயின் மார்பில் கிடந்து பால்குடித்த பிறகே வந்தான். மெதுவாக அவன் காதில் பாங்கு சொன்னேன். ஒன்பதாம் மாதத்தில் அவனுக்கும் இரத்தம் பரிசோதித்தோம்; 11.2 இருந்தது. இம்முறை என் மகள் மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டிருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எது எவ்வளவு உதவியது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

மூத்தவளும் மருந்தால் தேறிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அவளைப் பார்க்கும்போதெல்லாம், அன்று அந்தக் கதவை இரண்டு முறை தட்டியது நினைவுக்கு வருகிறது.

நம் பிள்ளைகளுக்குரிய ஹக்கை அறிந்து, அதை அவர்களுக்கு நிறைவாகச் சேர்க்கும் நல்லறிவையும், அதற்கு வேண்டிய நிதானத்தையும் வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக. கர்ப்பிணிகளாய் இருக்கும் நம் சகோதரிகளுக்கு எளிய பேற்றையும், நலமுள்ள ஸாலிஹான பிள்ளைகளையும் வழங்குவானாக. ஆமீன்.